ஏரிக்கரைப் பச்சை

அத்தியாயம் 14

தங்கை கெங்கம்மாள் படம் கேட்டுவிட்டுப் போன நாளிலிருந்து ஜெகதீசன் வீட்டில் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. புதன்கிழமை காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்தவர், அவராகவே மகளைக் கூப்பிட்டார்.

"யுவா, ஒரு பச்ச கலந்து குடு."

யுவராணி சீப்பைத் தலையில் செருகியபடியே ஓடி வந்தாள். அவர் தூரிகையைத் தொட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. மற்றதில் இன்னும் எடுக்கவில்லை. ஒரு கண் எல்லாவற்றையும் நீலமாகக் காட்டுது, இன்னொன்று பழுப்பாகக் காட்டுது, நான் எதை நம்புறது என்று சொல்லித் தூரிகைகளைக் கழுவி டப்பாவில் போட்டு மூடிவிட்டார். அதன்பின் எப்போதாவது வரைந்தால், நிறம் கலப்பது யுவராணியின் வேலை.

"இன்னா பச்சப்பா?"

"ஏரிக்கரைப் பச்ச."

அது கடையில் கிடைக்கும் நிறமில்லை. செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் இறங்கியதும் கரையோரச் சேற்றில் முளைக்கும் புல்லின் நிறம். இலைப்பச்சை, அதில் கொஞ்சம் மஞ்சள் காவி, ஊசிமுனை அளவு செங்காவி. அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்க்கிறவளுக்குச் சொட்டுக் கணக்கு புதிதில்லை. கலந்து கிண்ணத்தை நீட்டினாள்.

அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மற்றதை மூடிப் பார்த்தார்.

"தண்ணியா கீது. போஸ்டர் கலர் வெள்ளயப் போடு. மேல நிக்கணும். அடியில இருக்கறது தெரியக் கூடாது."

"எதுக்குப்பா?"

"பழய படம் ஒண்ணுல பூச்சி அரிச்சிகீது. ஒட்டுப் போடணும்."

வெள்ளையைச் சேர்த்தாள். நிறம் வெளுத்ததும் மறுபடி பச்சையும் காவியுமாகச் சேர்த்துப் பழைய இடத்துக்குக் கொண்டு வந்தாள். கை நகத்தால் ஒரு துளி எடுத்துத் தாளில் தேய்த்துக் காட்டினாள்.

"இப்போ?"

"சரியா கீது." கிண்ணத்தை வாங்கிக்கொண்டவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். "என் கண்ணே நீதாம்மா."

அவர் அப்படியெல்லாம் பேசுகிற மனிதரில்லை. அறைக் கதவு சாத்திய பிறகும் யுவராணி சமையலறை வாசலில் நின்றுகொண்டேயிருந்தாள். அன்றைக்கு ஊரையே தூக்கிச் சுமக்கலாம்போல் இருந்தது.

ஜெகதீசனுக்கு ஆவடியில் வண்டிகளுக்கு எண் எழுதும் உத்தியோகம். அது சம்பளத்துக்கு. மனசுக்கு வேறொன்று இருந்தது. மனைப்பிரிவு போட நிலத்தை விற்றவர்கள், கல் நடுவதற்கு முன்னால் அவரைக் கூப்பிடுவார்கள். "ஜெகா, நம்ம நெலத்த ஒரு படமா போட்டுக் குடு. ஊட்ல மாட்டணும்."

அவர் முதலில் நிலத்துக்குப் போய் உட்கார்ந்து, கண்ணில் பட்டதைப் பட்டபடி தாளில் நீர்வண்ணத்தில் வரைவார். அதற்கு நேர்ப்படம் என்று பெயர். அதைக் கொண்டுபோய்க் காட்டினால், விற்றவர்கள் மாற்றம் சொல்வார்கள். பட்டாபிராமில் ஒருவர் ஹை டென்ஷன் டவரை எடுக்கச் சொன்னார். திருவேற்காட்டில் ஒருவர் செத்துப்போன காளையை வரப்பில் நிறுத்தச் சொன்னார். இல்லாத தென்னந்தோப்பைக் கேட்டவர்கள் பல பேர். சொன்னபடி எல்லாம் மாற்றி, எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக வரைந்து கொடுப்பார். அது ஆர்டர் படம். அது அவர்கள் வீட்டுக்குப் போய்விடும். நேர்ப்படம் மட்டும் அவரிடம் தங்கும். கட்டிலுக்கு அடியில் ஒரு ரெக்சின் சூட்கேஸ் நிறைய அவைதான். அதன் சாவி அவர் அரைஞாண் கயிற்றில்.

கெங்கம்மாள் கேட்டது அதில் ஒன்றை.

ஏரிக்கரைக்குக் கீழே, புறம்போக்கில், ஏழு குடிசைகள். கெங்கம்மாள் பிறந்து, கட்டிக்கொடுத்து, தாலியறுத்துத் திரும்பி வந்ததும் அங்கேதான். பெரிய வெள்ளத்தில் குடிசையோடு ரேஷன் கார்டும் வரி ரசீதும் போயின. தண்ணீர் வடியும்வரை திருமழிசையில் தங்கியிருந்தார்கள். புதுக் கார்டும் அந்த விலாசத்திலேயே வந்துவிட்டது. இப்போது பக்கத்து நிலத்துக்காரர் தினகரன், இவர்கள் வெள்ளத்துக்குப் பிறகு வந்து குந்தியவர்கள் என்று மனு கொடுத்திருக்கிறார். அவர் நிலத்தில் வரப்போகும் வில்லாக்களுக்குப் பாதை அந்த ஏழு வீட்டின் மேல்தான் போயாக வேண்டும்.

பழைய போட்டோவோ படமோ எதாவது இருந்தால் கொண்டு வாருங்கள் என்று விசாரணை அதிகாரி சொல்லியிருந்தார். தொண்ணூற்றாறில், நிலத்தில் ஒரு பகுதியை விற்ற தினகரனின் அப்பாவுக்காக அந்த இடத்தை வரைந்தவர் கெங்கம்மாளின் சொந்த அண்ணன். ஆர்டர் படத்தில் குடிசைகள் இல்லை. எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்துவிட்டார். நேர்ப்படத்தில் ஏழும் இருந்தன.

கதவு திறந்தது. ஜெகதீசன் செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டிய ஒரு சுருளோடு வந்தார்.

"ஒங்க அத்த கேட்டாளே, அது. கொண்டுபோய்க் குடு."

"அப்பா!"

"வழியில பிரிக்காத. வெயில் பட்டா வெளுத்துடும்."

யுவராணி சுருளைக் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

* * *

முகப்பேரிலிருந்து ஸ்கூட்டியில் பூந்தமல்லி போய்ச் சேர்வதற்குள் துப்பட்டாவெல்லாம் மெட்ரோ வேலைத் தூசி. தாலுகா அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் ஏரிக்கரை ஜனம் மொத்தமும் குந்தியிருந்தது. கெங்கம்மாள் புதுச்சேலை கட்டியிருந்தாள். கஞ்சி மொடமொடப்பு போகாத சேலை.

"இன்னா அப்பாவு, சட்டையெல்லாம் அயர்ன் பண்ணிகினு வந்துகீற? பொண்ணு பாக்கவா?" என்று பக்கத்து வீட்டுக் கிழவரைச் சீண்டிக்கொண்டிருந்தாள்.

"பட்டா பாக்க. பொண்ணு நாளிக்குப் பாத்துக்கலாம்."

"பல்லு கட்டிகினு போ. இல்லாட்டி வாசலோட அனுப்சிடுவாங்க."

யுவராணியின் கையிலிருந்த சுருளைப் பார்த்ததும் அவள் பேச்சு நின்றது. எழுந்து வந்து தொட்டுப் பார்த்தாள்.

"குட்த்துட்டானா? எங்க அண்ணாத்தேயா குட்த்துச்சி?"

"அவரே எடுத்துக் குடுத்தாரு அத்த."

கெங்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கண் கலங்கியதை மறைக்க ஜனத்தின் பக்கம் திரும்பி, "பாத்தீங்களாடி? இன்னா சொன்னீங்க? ஜெகா நம்மள மறந்துட்டான்னு சொன்னீங்களே!" என்று சத்தம் போட்டாள். பிறகு மடியிலிருந்த பொட்டலத்தைத் தட்டிக் காட்டினாள். "ஜிலேபி. முட்ஞ்சதும் மொத ஜிலேபி ஒனக்குத்தான் கண்ணு."

உள்ளே மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. அதிகாரி நடுவயதுப் பெண்மணி. மதுரைப் பக்கம். எதிர் நாற்காலியில் தினகரன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன கெங்கம்மா, படம் கொண்டாந்தியா? இல்ல, படம் காட்டப் போறியா?"

"ரெண்டும்தான் நைனா. நீயும் குந்திப் பாரு."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "யாரு வரைஞ்சதும்மா?"

"எங்க அண்ணன். இவங்க அப்பாருக்காவ வரஞ்சது, கேளுங்க. நேரா எங்க ஊட்டாண்ட வந்து, மதகு மேல குந்திகினு வரஞ்சாரு. நாந்தான் தண்ணி மொண்டு குடுத்தேன், கலர் கரைக்க." கெங்கம்மாள் மேஜையை நெருங்கினாள். "அந்தாண்டலேர்ந்து மூணாவது ஊடு எங்களுது. எங்க நைனா வேம்புலி, இவங்க நெலத்துல ஏர் ஓட்டினவரு. நானும் எங்க அண்ணனும் அந்த ஊட்லதான் பொறந்தோம். பிரி யுவா, அம்மாக்குக் காட்டு."

யுவராணி நூலை அவிழ்த்தாள். செய்தித்தாள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மெல்ல இழுத்ததும் கிழிந்து வந்தது.

கெங்கம்மாள் காட்டுவதற்காக விரலை முன்னதாகவே நீட்டி வைத்திருந்தாள். அந்த விரல் அப்படியே நின்றது.

பனைமரங்கள் இருந்தன. மதகு இருந்தது. கிணறும், மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைமேடும், தூரத்தில் தண்ணீர்க் கோடும் இருந்தன. மூலையில் ஜெகா என்ற கையெழுத்தும் மாதமும் ஆண்டும் இருந்தன. கரைக்குக் கீழே, ஏழு குடிசைகள் இருந்த இடத்தில், புல் இருந்தது. பசேலென்ற புல். அதன் நடுவில் செய்தித்தாளின் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

மற்றவர்களுக்கு அது புல். யுவராணிக்கு அது இலைப்பச்சை, மஞ்சள் காவி, ஊசிமுனை செங்காவி, வெள்ளை.

"வேற படத்த எத்துகினு வந்துட்டியா கண்ணு?" கெங்கம்மாளின் குரல் மிகவும் சின்னதாக வந்தது.

தினகரன் எழுந்து வந்து புல்லின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலைத் திருப்பி அதிகாரியிடம் காட்டினார். ரேகையெல்லாம் பச்சை.

"இன்னும் காயவே இல்ல மேடம். காலையில குந்தி அடிச்சிருக்காங்க. தொண்ணூத்தாறுன்னு தேதி வேற."

அதிகாரி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முகம் இறுகியது. "நீங்க யாரும்மா?"

"வரைஞ்சவரோட பொண்ணு."

"கையக் காட்டுங்க."

யுவராணி காட்டினாள். வலதுகைச் சுட்டுவிரல் நகத்தின் இடுக்கில் அதே பச்சை. அதிகாரி பார்த்தார். தினகரன் பார்த்தார். கெங்கம்மாளும் பார்த்தாள்.

"திருத்துன படத்த நான் எப்படிம்மா ஃபைல்ல வைக்கிறது?"

"நாங்க திருத்தலம்மா," என்றாள் கெங்கம்மாள். "எங்க ஊட்ட நாங்களே எடுப்பமா? எடுத்துட்டு ஒங்களாண்ட கொண்டாருவமா?"

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். யோசித்தார். "அதுவும் நியாயந்தான். அதனாலதான் ஒரு தவணை தர்றேன். வர்ற புதன்கிழமை. இந்தப் பச்சைக்கு அடியில என்ன இருக்குன்னு காட்டுங்க. இல்ல, வரைஞ்சவரே நேர்ல வந்து சொல்லட்டும். ரெண்டும் இல்லைன்னா நான் மனுவ முடிச்சு எழுதிருவேன். அதுக்கப்புறம் எங்கிட்ட வந்து அழுகக் கூடாது."

தினகரன் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். "ஜெகா எதுக்கு மேடம் இங்க வரப் போறாரு? வில்லாவுக்கு முன்னாடி கிளப் ஹவுஸ் கட்டி முடிச்சாச்சு, நாளைக்கு அங்க அவர் படமெல்லாம் மாட்டுறோம். பொன்னாடை போத்துறதே நான்தான்."

* * *

வெளியே வந்ததும் ஜனம் சூழ்ந்துகொண்டது. கெங்கம்மாள் யாருக்கும் பதில் சொல்லாமல் மரத்தடி வரை நடந்தாள். யுவராணி பின்னாலேயே போனாள்.

"அத்த, சத்தியமா எனக்குத் தெரியாது."

"கலரு நீ கலந்ததா?"

"பூச்சி அரிச்சிருக்குன்னு சொன்னாரு. அதான்..."

"ஒன்னத்தான் கேக்கறேன். நீ கலந்ததா?"

"ஆமா."

கெங்கம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் யுவராணி தாங்கியிருப்பாள். அத்தை அவளைப் புதிதாகப் பார்க்கிற ஆளைப்போல் மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க அண்ணன் செய்வான். அவன் முன்னியே ஒரு தபா செஞ்சவன்தான். அவன நம்பி நான் இங்க வரல." மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து அப்பாவுவிடம் நீட்டினாள். "ஊட்டாண்ட பசங்களுக்குக் குட்த்துடு. வெளியாளுக்கு ஒண்ணும் குடுக்காத."

பஸ் வந்தது. ஏழு வீட்டு ஜனமும் ஏறியது. கெங்கம்மாள் ஜன்னலோரம்தான் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

* * *

யுவராணி வீட்டுக்கு வந்தபோது மாலை வெயில் கூடத்தில் பாதிவரை விழுந்திருந்தது. ரெக்சின் சூட்கேஸ் வாயைப் பிளந்து கிடந்தது. நேர்ப்படங்களைக் கட்டில்மேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். அண்ணன் விஜய் ஒரு பித்தளைத் தகட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். வில்லா கம்பெனியில் விற்பனைப் பிரிவு அவனுக்கு. நாளைய விழா அவன் ஏற்பாடுதான்.

"இன்னாடி, எக்ஸிபிஷன் முட்ஞ்சிதா?"

அவன் கேட்ட விதத்திலேயே அவளுக்குப் புரிந்துபோனது. "ஒனக்கும் தெரியுமா?"

"யோசன குட்த்ததே நாந்தான். படத்தக் குடுக்கலன்னா அத்த தினம் வந்து வாசல்ல குந்தும். இப்ப குட்த்தாச்சி. பிரச்சன ஓவர்." தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். ஓவியர் ஜெகதீசன், காஞ்சிபுரம் என்று பொறித்திருந்தது.

"காஞ்சிபுரமா?"

"எங்க கம்பெனி ஓனர் கோகுல்நாத் சார் கேட்டாரு, கோயில் ஓவியம் வரையற பரம்பரையான்னு. அப்பா ஆமான்னாரு. ஒங்க அண்ணி காவ்யாவோட அம்மா அப்பா நாளிக்கு முன்வரிசையில குந்தப் போறாங்க. அவங்ககிட்ட நான் சொன்னதும் அதான், கல்யாணத்தப்பவே. ஒனக்கு மாப்பிள்ள பாக்கறப்பவும் அதையேதான் சொல்லப் போறேன். அப்ப வந்து கால்ல விழு."

ஜெகதீசன் பால்கனி ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புதுக் கண்ணாடி. நாளைக்குப் பேச வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தார். வில்லாக்காரர்கள் வந்து போக ஆரம்பித்ததிலிருந்து அவர் வெளியாட்களிடம் புத்தகத் தமிழில்தான் பேசுகிறார்.

யுவராணி சுருளை அவர் மடியில் விரித்தாள்.

"எதுக்குப்பா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கட்டைவிரல் பதிந்திருந்த இடத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "எவன் கைய வெச்சான்?"

"அத்த உங்கள நம்பி புதுச்சேல கட்டிகினு வந்துச்சிப்பா."

"நான் கட்டிகினு வரச் சொன்னனா?"

"அது உங்க தங்கச்சி. அது நீங்க பொறந்த ஊடு."

"ஆமாண்டி. அதான்." அவர் குரலை உயர்த்தவில்லை. "நாளிக்கு தினகரன் ஊட்டு ஏரிக்கரைப் பெரிய படத்துக்குக் கீழ என் பேரு வரப் போவுது. நாப்பது வருஷமா வரஞ்சேன். ஒருத்தன் ஊட்லயும் கூடத்துக்குள்ள உட்டதில்ல, படத்த வாங்கிகினு என்ன வாசல்லயே நிறுத்திடுவான். நாளிக்குத்தான் உள்ள போறேன். அந்த நேரத்துல எவனாவது மூணாவது குடிசையக் காட்டி, இதுல பொறந்தவன்தான் இவன்னு சொன்னா? அதுக்கப்புறம் எவன் படத்தப் பாப்பான்? குடிசயத்தான் பாப்பான்."

"ஏழு குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்ப்பா."

"நான் வந்தனே, நடுத்தெருவுலேர்ந்து. அவங்களும் வரட்டும்." பச்சையின்மேல் விரல்படாமல் கையை ஓட்டினார். "மொத தபா எடுக்கறப்ப கை நடுங்கிச்சி. ராவெல்லாம் அழுதேன். இந்த தபா ஒண்ணுமே தெரில. நீ நல்லா கலந்திருந்த. ஒரே பூச்சுல மூடிகிச்சி."

விஜய் சிரித்தான். "சயின்ஸ் கிராஜுவேட்டுப்பா."

 யுவராணி, லேபில் ஒரு சாம்பிள் கெட்டுப்போனால் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். என்ன மிச்சம் இருக்கிறது என்று யோசித்தாள்.

போஸ்டர் கலர் நீரில் கரையும். நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தால் பச்சை வந்துவிடும். ஆனால் அடியில் இருக்கும் நீர்வண்ணமும் நீரில் கரையும். இரண்டையும் பிடித்திருப்பது ஒரே கோந்து. அவர் குடிசைகளை இந்தியன் இங்க்கில் கோடு போட்டு வரைந்திருந்தால் கோடு பிழைக்கும். எத்தனை கழுவினாலும் அசையாது. வெறும் வண்ணத்தில் தீட்டியிருந்தால் பச்சையோடு ஏழு வீடும் போய்விடும்.

கட்டில்மேல் கிடந்த படங்களைப் பார்த்தாள். சிலவற்றில் சுவரும் கூரையும் கறுப்புக் கோட்டில் இருந்தன. சிலவற்றில் கோடே இல்லை. மனம்போல் செய்திருந்தார். சின்ன வயதில் பார்த்த குடிசைகள் அவள் நினைவில் இருந்தன. கோடு இருந்ததா என்பது இல்லை. பதில் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

சமையலறைக்குப் போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு துண்டுப் பஞ்சும் கொண்டு வந்தாள்.

"குடிசைய இங்க்ல போட்டிங்களா, கலர்லயா?"

ஜெகதீசன் அவளையும் கிண்ணத்தையும் பார்த்தார். அவருக்கும் புரிந்தது. கண்ணாடியை எடுத்து நிதானமாகப் போட்டுக்கொண்டார்.

"மையில்தான் வரைந்திருக்கிறேன். தாராளமாகக் கழுவிப் பார்."

கிளப் ஹவுஸ் ஆட்களிடம் பேசுகிற தமிழ். பெற்ற மகளிடம் அவர் அப்படிப் பேசுவது இதுதான் முதல் தடவை.

காலையில் கேட்டிருந்தால் அவள் பஞ்சை அப்போதே வைத்திருப்பாள். இப்போது கை பச்சைக்கு மேலே வந்து நின்றது. கழுவினால் ஒன்று அத்தையின் வீடு திரும்பும், இல்லையென்றால் அது என்றைக்குமாகப் போகும். போனால், போக்கியது அவள் கையாகத்தான் இருக்கும். இரண்டாவது முறையாக.

நல்ல சாம்பிளில் சோதிக்கக் கூடாது. லேபில் முதல் நாள் சொல்லிக் கொடுத்தது அது.

யுவராணி கிண்ணத்தோடு எழுந்து கட்டிலருகே போனாள். வரிசையில் முதலாவதாக இருந்த படத்தை எடுத்தாள். திருமழிசைத் தேரடித் தெரு. ஓட்டு வீடுகள், தேர், தூரத்தில் கோபுரம். சூட்கேஸ் முழுவதிலும் அவர் தன் உயிர் என்று சொல்வது அது ஒன்றைத்தான். நாளைக்கு வாசலில் மாட்டப் போவதும் அதைத்தான். மூலையில் தேதி: அதே தொண்ணூற்றாறு, அதே மாதம்.

ஓடுகளைச் சுற்றிக் கோடு இருக்கிறதா இல்லையா என்று இந்த வெளிச்சத்தில் அவளுக்குத் தெரியவில்லை. அவள் உற்றுப் பார்க்கவும் இல்லை.

"இதுவும் அப்ப வரஞ்சதுதானே? அதே பேனா, அதே கையிதானே?" பஞ்சைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். "இத மொதல்ல கழுவிப் பாக்கறேன். மைன்னா நிக்கும்."

"ஏய்," என்றான் விஜய்.

பஞ்சைத் தேரின்மேல் இறக்கினாள். தாளைத் தொட இன்னும் ஒரு விரல் அகலம்தான் இருந்தது.

"வேணாண்டி!" ஜெகதீசன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மடியிலிருந்த ஏரிக்கரை தரையில் விழுந்தது. "அத்தத் தொடாத! அப்பல்லாம் மை கெடயாது, வாங்கத் துட்டு இல்ல. வெறும் கலருடி! கரஞ்சி போய்டும்!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே கேட்டது.

 கீழே பால்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான். விஜய் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஆக, ஏழு வீடும் வண்ணத்தில்தான் இருந்தன. கழுவினால் போய்விடும் என்று தெரிந்தேதான் கழுவச் சொன்னார்.

யுவராணிக்கு அழுகை வரவில்லை. அவள் கை நடுங்கவும் இல்லை. அப்பாவுக்கு இந்தத் தடவை நடுங்காததைப் போலவே. அதை அவள் கவனித்தாள். கொஞ்சம் பயமாக இருந்தது.

"அப்ப, அடியில இருக்கறத காட்ட முடியாது," என்றாள். "நீங்கதான் வரணும்."

"யுவா, அத கீழ வையிம்மா."

"புதன்கெழம. பூந்தமல்லி. மூணாவது ஊட்ல பொறந்தேன்னு அந்த ஆபீசர் அம்மாகிட்ட சொல்லணும்."

"நாளிக்கு விழா கீது. முட்ஞ்சதும் பேசிக்கலாம்."

"விழா நடக்கட்டும்ப்பா. பொன்னாட போத்திக்கிங்க. சூட்கேஸ் எங்கிட்ட இருக்கட்டும்."

ஜெகதீசன் ஒரு அடி எடுத்து வைத்தார். அவள் பஞ்சை விரலிடுக்கில் லேசாக அழுத்தினாள். அவர் நின்றுவிட்டார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு மற்றதை மூடிப் பார்த்தார். எந்தக் கண்ணால் பார்த்தாலும் அவள் நின்ற இடத்தில்தான் நின்றாள்.

"வர்றீங்களா?"

பஞ்சின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. அவர் வாயைத் திறப்பதற்குள் அது விழுந்தது. தேருக்கு மேலே, வானத்தில். தொண்ணூற்றாறாம் வருஷத்து நீலம் மெல்லக் கசிந்து கோபுரத்தை நோக்கி இறங்கத் தொடங்கியது.

யுவராணி பஞ்சை மறுபடி தண்ணீரில் முக்கினாள்.